தொட்டிக்கும் புரட்டாசி உண்டு

உத்தனப்பள்ளியில் என் வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் செல்போன் கம்பெனி, ஸ்கூட்டர் கம்பெனி, பல்சக்கரம் வெட்டும் பட்டறை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வான். கழுத்தில் அட்டை தொங்கும். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். நான் கோழிக்குடலில் கேஸ் எடுக்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அரை அடி தள்ளி நிற்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் எங்கள் அத்தை, "பையன் கேஸ் கம்பெனியில இருக்கான்" என்று சொன்னார். பொய் என்று சொல்ல முடியாது.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன் நான். ராயக்கோட்டை சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு கோழி உரிக்கும் கூடத்துக்குப் பைப் வேலைக்கென்று வந்தேன். இங்கே உரிக்கிற கோழி ஓசூர் கம்பெனி கேன்டீன்களுக்கும், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கத்து ஓட்டல்களுக்கும் போகிறது. கூடத்துக்குப் பின்னால் இரண்டு தொட்டிகள். தரைக்குள் இறங்கிய கிணறு, அதன் மேல் கவிழ்த்த இரும்பு டிரம். பழைய காதிக் கமிஷன் வடிவமைப்பு. கேஸ் சேரச் சேர டிரம் மேலே ஏறும், எரிக்க எரிக்க இறங்கும். அதைப் பார்த்துக்கொள்பவர் அறுபதை நெருங்கும் ஒரு மேஸ்திரி. 1981-82இல் மத்திய அரசு தேசிய சாண எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, கெலமங்கலம், தளி வட்டாரத்தில் வீடு வீடாகக் கோபர் கேஸ் தொட்டி கட்டிக்கொடுத்தவர். பேச்சைத் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தமிழில் முடிப்பார். பைப் வேலை முடிந்ததும் என்னைப் போக விடவில்லை. "ஃபிட்டர் வேலை எவனும் செய்வான். இதைக் கத்துக்க, தம்பி" என்றார்.

இரண்டு கிலோ உயிர்க்கோழியை உரித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறியாகாது. இரத்தம், இறகு, குடல், தலை, கால், கொழுப்பு என்று பிரிந்து கிடக்கும். ஊரில் இருக்கிற சின்னக் கறிக்கடைகளின் கழிவையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு தேறும் என்று எண்ணிப் பாருங்கள். இது முன்பு எங்கே போனது என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இருட்டிய பிறகு மூட்டை கட்டி ஏரிக்கரையில் வீசுவார்கள், சாலையோரப் பள்ளத்தில் தள்ளுவார்கள். இன்னொரு வழி, ஆப்பிரிக்கக் கெளுத்திக் குட்டை. இந்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்த மீன் அது. அழுகல் இறைச்சி போட்டாலே கொழுத்து வளரும் என்பதால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மறைவாகக் குட்டை வெட்டி வளர்ப்பதும், அதிகாரிகள் வந்து அழிப்பதும், மறுபடி வளர்ப்பதும் நடக்கிறது. குட்டைக்காரர் கழிவுக்குக் காசு கொடுப்பார். எங்கள் தொட்டி கொடுக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே எங்களுக்குப் போட்டி அந்த மீன்தான்.

மேஸ்திரி எனக்கு முதலில் காட்டியது தொட்டியை அல்ல, வாளிகளை. வந்து சேரும் கழிவைத் தனித்தனி வாளியில் பிரித்து நிறுத்தி, ஒவ்வொன்றும் உள்ளே போனால் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். ஒரு கிலோ மாட்டுச்சாணம் 35இலிருந்து 40 லிட்டர் கேஸ் கொடுக்கும். அதே ஒரு கிலோ சுத்தக் கொழுப்பு, முழுதாகச் செரித்தால், ஆயிரம் லிட்டரைத் தாண்டும். கேட்டவுடன் கொழுப்பையெல்லாம் அள்ளிப் போடத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் கொழுப்பு உடைந்து வரும் நீண்ட அமிலங்கள் கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மேல் படிந்து அவற்றை வேலை செய்ய விடாது. தொட்டியின் மேற்பரப்பில் ஏடு கட்டி, கேஸ் மேலே ஏறவும் வழி விடாது. இரத்தம் வேறு வகைத் தொந்தரவு. தொட்டிக்குள் கரிச்சத்து நைட்ரஜனைப் போல் இருபதிலிருந்து முப்பது மடங்கு இருந்தால் நல்லது. மாட்டுச்சாணம் கிட்டத்தட்ட அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இரத்தத்தில் மூன்று, நான்கு மடங்குதான். மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக மாறி, கரைசல் வெளியேறும் குழியருகே போனாலே கண் எரியும். இறகைத் தொட்டி தொடவே தொடாது. அதைத் தனியே சேர்த்து வைக்கிறோம், இறகுத்தூள் அரைக்கும் ஆலைக்காரர் லாரி வந்து எடுத்துப் போகும்.

குடலை அப்படியே போட்டால் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். கைமா மெஷினில் விட்டு அரைக்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது: பெரும்பாலான இறைச்சிக் கழிவை 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அரைத்து, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ச்சிய பிறகே தொட்டிக்கு அனுப்ப வேண்டும். நோய்க்கிருமி வயலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இங்கே அப்படிக் கட்டாயம் எதுவும் எங்களைத் துரத்தவில்லை. ஆனாலும் மேஸ்திரி அரைத்ததைப் பழைய கொப்பரையில் கொதிக்க வைத்த பிறகுதான் இறக்குவார். காரணம் கேட்டால் சட்டம் பேச மாட்டார். "கரைசல் போற தோட்டத்துல என் பேத்தி விளையாடறா" என்பார்.

கேஸ் உண்டாவது மாட்டின் இரைப்பையில் நடப்பதுதான். காற்றில்லாத இடத்தில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் கழிவை உடைத்து அமிலமாக்குகின்றன. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுகிறது. முதல் கூட்டம் முரட்டு வேகம். இரண்டாவது கூட்டம் மந்தம், பெருகவும் நாளாகும், குளிர் தாங்காது, புளிப்பு தாங்காது. இந்த இரண்டு கூட்டத்தையும் சம நடையில் நடக்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தொட்டி புதிதாகத் தொடங்கும்போது இறைச்சிக் கழிவு ஒரு கைப்பிடிகூடப் போடக் கூடாது. மாட்டுச்சாணத்தைக் கரைத்து நிரப்பி, பழைய தொட்டிக் கரைசல் கொஞ்சம் உறை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். முதலில் வரும் கேஸ் பற்றாது, பெரும்பகுதி கரியமில வாயு. அடுத்து வருவது பற்றும், ஆனால் அதைப் பற்ற வைக்கவே கூடாது. குழாயில் காற்று கலந்திருக்கும். காற்றில் மீத்தேன் 5இலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். டிரம் ஏறி நிற்பதைப் பார்த்துக் கூடமே கைதட்டியபோது, மேஸ்திரி வால்வைத் திறந்து எல்லாவற்றையும் ஆகாயத்தில் விட்டார்.

பிறகுதான் உண்மையான பாடம். காலையில் வந்ததும் முதலில் மூக்கு: வெளியேறும் கரைசல் சாணி வாடை அடித்தால் நல்லது, வாந்தி வாடை அடித்தால் உள்ளே அமிலம் ஏறுகிறது. அடுத்து பி.எச். தாள்: 6.8க்கும் 7.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கடுத்து தீ. நான் நெடுநாள் டிரம்மின் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; டிரம் உயர்ந்தால் தொட்டி சுகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேஸ்திரி டிரம்மைத் திரும்பியும் பார்க்க மாட்டார். தொட்டி புளிக்கத் தொடங்கும்போது கேஸின் அளவு குறையாது, கரியமில வாயு பொங்கிச் சிலசமயம் கூடவே செய்யும். டிரம் தலைக்கு மேல் நிற்கும். அடுப்பில் தீ மட்டும் பர்னரை விட்டு எழும்பி எழும்பி அணையும். பி.எச். தாள் நிறம் மாறுவதற்கு முன்பே தீ சொல்லிவிடும். எனவே எங்கள் தொட்டிக்கு முதல் மருத்துவர், கூடத்தை ஒட்டிய மெஸ்ஸில் சமைக்கும் அக்கா. "இன்னிக்குத் தீ நிக்கலப்பா" என்று அவர் சொன்னால் அன்றைக்கு வாளி இறங்காது.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர், கொஞ்சம் புதுச் சாணம், மிச்சமெல்லாம் பட்டினி. "லங்கணம் பரம ஔஷதம்" என்று மேஸ்திரி நாளுக்கொரு தடவையாவது சொல்லிவிடுவார்.

ஓசூர் மேட்டுநிலம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். மார்கழி, தை காலைகளில் கை விறைக்கும். மீத்தேன் கூட்டத்துக்கு 35 டிகிரிச் சூடு இருந்தால் கொண்டாட்டம். 20க்குக் கீழே போனால் தூங்கிவிடும். சூடாக்க விறகு வாங்கினால் கட்டுப்படியாகாது. இங்கே கையில் இருந்தது கோழியை முக்கி எடுக்கும் வெந்நீர்த் தொட்டி. அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், கழிவைக் கரைக்க எடுத்துக்கொண்டோம். வெந்நீர் போடுவதும் கேஸில்தான். தரை கழுவிய தண்ணீர் மட்டும் வரவே கூடாது. அதில் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் இருக்கும்; கிருமி கொல்லுகிற மருந்து, எங்கள் கிருமியையும் கொன்றுவிடும். இரண்டு சாக்கடையையும் தனித்தனியே பிரித்து வைத்ததுதான் ஃபிட்டர் படிப்பு எனக்கு இங்கே முதலில் உதவிய இடம்.

இறைச்சிக் கழிவில் புரதம் அதிகம். புரதத்தில் கந்தகம் உண்டு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வரும். அழுகிய முட்டை வாடை. பர்னரைத் தின்னும், குழாயைத் தின்னும். அதைப் பிடிக்க விலை உயர்ந்த கருவிகள் உண்டு. எங்களிடம் இருப்பது ஓசூர் லேத்துப் பட்டறைகளில் மலைமலையாகக் கிடக்கும் இரும்புச் சுருள். தண்ணீர் தெளித்துத் துருவேற விட்டு, ஒரு பீப்பாயில் அடைத்து, கேஸை அதன் வழியே விடுகிறோம். துரு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கருத்துப்போகும். கருத்த சுருளை வெளியே எடுத்து வெயிலில் பரப்பினால் காற்றுப் பட்டு மறுபடி துருவாகிவிடும். பரப்பும்போது அது தானாகச் சூடேறும், குவித்து வைத்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் முதலில் படிக்கவில்லை, ஓடி வந்து என் கையிலிருந்த முறத்தைப் பிடுங்கிய மேஸ்திரி சொல்லித் தெரிந்தது.

அந்த வாயுவைப் பற்றி இன்னொன்று. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு சேர்ந்தால் மூக்கு மரத்துப் போகும், வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி உள்ளே தலை நீட்டியவன் திரும்புவதில்லை. அவனைத் தூக்க இறங்கியவனும் திரும்புவதில்லை. தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். எங்கள் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டால் மூங்கில் கழி, தண்ணீர் அழுத்தம், பொறுமை, இந்த மூன்றோடு சரி. மனிதன் இறங்குவதென்ற பேச்சே கிடையாது. முதலாளி அவசரப்பட்டாலும் கிடையாது.

இனி, இந்த இடத்துக்கே உரிய சங்கதி. மேஸ்திரி உட்காரும் தகரக் கொட்டகையில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கும், ஒன்று தமிழ், ஒன்று கன்னடம். சாமி படத்துக்காக மாட்டியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். தொட்டிக்குத் தீனி எப்போது வரும், எப்போது வராது என்பது அந்த இரண்டிலும்தான் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் புரட்டாசி முழுக்கக் கறிக்கடை காற்று வாங்கும். பெருமாளைக் கும்பிடும் தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். கர்நாடகப் பக்கத்தில் அதற்கு முன்பே சிராவண மாதத்தில் பலர் கறியை விடுவார்கள். கார்த்திகையில் ஐயப்ப மாலை. இதெல்லாம் வறட்சி. வெள்ளம் வேறு: பொங்கலுக்கு மறுநாள்களில் கரிநாள், உகாதிக்கு மறுநாள் பெங்களூரு வட்டாரமே கறிக்கடையில் வரிசை கட்டி நிற்கும் ஹொசதொடக்கு, பக்ரீத், ஊர் மாரியம்மன் பண்டிகைகள், ஆங்கிலப் புத்தாண்டு. எல்லாவற்றுக்கும் மேலே தீபாவளி.

தீபாவளி ஏன் மேலே என்றால், அது புரட்டாசி முடிந்த சில நாளிலோ சில வாரத்திலோ வந்துவிடும். ஒரு மாதம் அரைவயிறாய்க் கிடந்த தொட்டியில் மீத்தேன் கூட்டம் மெலிந்திருக்கும். அப்போது ஒரே நாளில் மூன்று நாள் தீனி வந்து குவியும். உள்ளே தள்ளினால் அமிலக் கூட்டம் ஒரே இரவில் பொங்கும். சாப்பிட ஆள் இல்லாமல் தொட்டி புளித்து, வெளியேறும் குழி வழியே நுரையாக வழியும். அதற்குப் பிறகு மறுபடி நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மேஸ்திரிக்குப் புரட்டாசிதான் கடும் உழைப்பு மாதம். கூடத்தில் எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சாணத்துக்கும் ஓட்டல் எச்சிலுக்கும் அலைவார். ராயக்கோட்டைச் சந்தையில் விலை விழுந்து தக்காளி வீணாய்க் கொட்டிக் கிடந்தால் வண்டி போட்டு அள்ளி வருவார். தக்காளி புளிப்பு, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மாதக் கடைசி வாரத்தில் கொழுப்பை ஒரு சொம்பு, இரண்டு சொம்பு என்று கூட்டிக்கொண்டே போய்த் தொட்டியைத் தீபாவளிக்குப் பழக்குவார்.

நான் வந்த பிறகு வந்த ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் நன்றாக நினைவிருக்கிறது. கறிக்கடைக்காரர்கள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி, "காசு போட்டுக் கட்டின தொட்டி எதுக்கு? எல்லாத்தையும் போடு" என்றார். மேஸ்திரி அளவு வாளியில் அன்றைய பங்கை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வண்டிகளைப் பார்த்துக் கை கூப்பினார். "சாமி, தொட்டி இவ்ளோதான் வாங்கும்." முதலாளி கத்த, இவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, வண்டிக்காரர்கள் கன்னடத்தில் முணுமுணுக்க, ஒரே சந்தைக்கடை. கடைசியில் மிச்சத்தைக் கூடத்துப் பின்னால் பள்ளம் தோண்டி, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். தோற்றுப்போனது போலத்தான் இருந்தது. அடுத்த வாரம் மெஸ்ஸில் தீ நீலமாக நின்றது. அப்போதுதான் எனக்கு அந்தக் கைகூப்பலின் அர்த்தம் பிடிபட்டது. தீனி கிடைக்காமல் செத்த தொட்டியை மேஸ்திரி அதிகம் பார்த்ததில்லை. அளவுக்கு மீறி ஊட்டியதால் செத்ததைத்தான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறார்.

கேஸ் எங்கே போகிறது என்றும் சொல்ல வேண்டும். நல்ல நாளில் இரண்டு தொட்டியும் சேர்ந்து முப்பது கன மீட்டர் அளவுக்குத் தரும். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது முப்பது கன மீட்டர் என்பது கிட்டத்தட்ட வீட்டு சிலிண்டர் ஒன்று. ஜெனரேட்டர் வைத்துக் கரண்ட் எடுக்கலாமே என்று வருகிறவர்களெல்லாம் கேட்பார்கள். சின்ன இன்ஜினில் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை, இரண்டு யூனிட்தான் தேறும். பாதிக்கு மேல் சூடாகவே வீணாகும். இந்த அளவுக்கு நேரே அடுப்பில் எரிப்பதே லாபம். கூடத்து வெந்நீருக்குப் போக மிச்சம் மெஸ்ஸுக்கும், பின்னால் இருக்கும் வரிசை வீடுகளுக்கும் போகிறது. பீகார், ஒடிசா, அசாமிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து எட்டுக்குப் பத்து அறையில் ஐந்து பேராய்த் தங்கியிருக்கிற பையன்கள். உள்ளூர் முகவரி ஆதாரம் இல்லாமல் சிலிண்டர் இணைப்பு எடுக்க முடியாமல், கடையில் சின்ன சிலிண்டரில் கூடுதல் விலைக்கு அடைத்து வந்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு எங்கள் குழாய் ஒரு வரம். வரிசையின் கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "கோழிக்குடல் நெருப்புல சாமிக்குப் பொங்கல் வைக்க முடியுமா?" என்று கேட்டார். அவரிடம் வேதியியல் பேசிப் பயனில்லை. இப்போது வெள்ளி, சனி தவிர மற்ற நாளில் வாங்கிக்கொள்கிறார்.

இந்த வேலையில் நாங்கள் மட்டும் தனியாக இல்லை என்பதை மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். நைஜீரியாவில் இபாதான் நகரின் போடிஜா சந்தை மாடு அறுக்கும் பெரிய இடம். இரத்தமும் சாணமும் ஓடையில் கலந்துகொண்டிருந்தன. ஜோசப் அடெலெகன் என்ற பொறியாளர் தாய்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொழில்நுட்பத்தைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கழிவைச் சமையல் வாயுவாக்கும் திட்டம் வகுத்தார். 2005இல் அதற்குச் சர்வதேச சீட் விருது கிடைத்தது. கென்யாவில் கிசேரியன் ஊரின் மாசாய் மக்கள் நடத்தும் கீகொன்யோகி இறைச்சிக்கூடம் இரைப்பைச் சாணத்திலும் இரத்தத்திலும் கேஸ் எடுக்கிறது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் நகரத்தில் இறைச்சிக்கூடக் கழிவில் எடுத்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. 2005இல் ஒரு ரயிலையே ஓட்டிக் காட்டினார்கள். நம் பக்கத்தில், ஐதராபாத்தை அடுத்த ருத்ராரத்தில் அல் கபீர் இறைச்சி ஆலையில் தொண்ணூறுகளில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எடுத்த முயற்சி முன்னோடி. அதே திட்டத்தில் மேல்விஷாரத்தில் தோல் ஆலைச் சதைக்கழிவிலும் கேஸ் எடுத்துப் பார்த்தார்கள்; அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழிகாட்டியது. அந்த நிறுவனம்தான் பிறகு கோயம்பேட்டில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவுக்கான ஆலைக்கும் துணை நின்றது. நாமக்கல்லில் கோழி எருவிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள், வண்டிக்கு அடைக்கும் வாயுவும் எடுக்கிறார்கள். இதையெல்லாம் போனில் காட்டினால் மேஸ்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "ராத்திரி யார் பாக்கறா?"

தொட்டியிலிருந்து வெளியேறும் கரைசலைக் கழிவென்று நான் சொன்னால் மேஸ்திரிக்குக் கோபம் வரும். நைட்ரஜன் போகவில்லை, செடி உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் அதில் இருக்கிறது. அப்படியே ஊற்றினால் வேர் கருகும். தண்ணீர் கலந்து பாய்ச்ச வேண்டும். பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர் முதலில் வாடைக்குப் பயந்து பத்துச் செடிக்கு மட்டும் விட்டுப் பார்த்தார். இப்போது டேங்கர் வர ஒரு நாள் தாமதமானால் போன் செய்கிறார். அவர் நிலமும் தொழிற்பேட்டைக்காக சிப்காட் எடுக்கப் போகிற பட்டியலில் இருக்குமோ என்ற பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. 2023இல் உத்தனப்பள்ளியில் நில எடுப்பை எதிர்த்து விவசாயிகள் நடத்திய தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தவர் அவர். நிலம் போனால் எங்கள் கரைசலுக்கும் போக்கிடம் போகும். தொட்டி ஒன்று இருந்தால் போதாது, கரைசலை வாங்கும் வயலும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் பார்ப்பதில்லை.

2018 அக்டோபர் முதல் தேதி மத்திய அரசு 'சதத்' என்ற பெயரில் ஒரு திட்டம் அறிவித்தது. கழிவிலிருந்து வாயு எடுத்து அடைத்து விற்க நாடு முழுக்க 5,000 ஆலைகள் என்றது. ஆலை கட்ட மானியம் உண்டு, கடன் உண்டு, வாயுவை வாங்கிக்கொள்ள எண்ணெய் நிறுவனங்கள் உண்டு. எல்லாம் சரிதான். ஆனால் நான் படித்த ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் வரிசையில் தொட்டி பார்க்கும் தொழில் ஒன்றும் இருக்கவில்லை. மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் எங்கள் கூடம் தூரமில்லை. அப்படியிருந்தும் தீயின் நிறம் பார்க்கவும், புரட்டாசியில் தொட்டியைத் தாங்கவும் அறிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அவர்களில் பலருக்கு வயது அறுபதைத் தொடுகிறது. ஓசூரில் கம்பெனிகள் பெருகுகின்றன, கேன்டீன்கள் பெருகுகின்றன, உரிக்கிற கோழியும் பெருகும். ஊராட்சியோ, சிப்காட்டோ, தனியாரோ, யார் இனி இங்கே ஒரு தொட்டி கட்ட நினைத்தாலும் மதிப்பீட்டுத் தாளில் சிமென்டுக்கும் கம்பிக்கும் முன்பாக, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுநேர ஆளின் சம்பளத்தை எழுதுங்கள். வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தையும் அந்த ஆளுக்கே கொடுங்கள்.